இடம்

"எதையாவது எழுதுங்கள், உங்கள் மொழியில்" என்றார்
டாக்டர் மிருணாள் கோக்டே.
பரேல் ஆஸ்பத்திரி, ஏழாம் மாடி.
கீழே மேம்பாலத்தில் ஹாரன்கள்.

எழுதினேன்:
'உருப்படி மூன்று. எவர்சில்வர்.
வழியில் நசுங்கினால் கம்பெனி பொறுப்பல்ல.'
மஸ்ஜித் பந்தர் லாரி ஆபீசில்
பதினோரு வருஷமாய் என் இடக்கை
எழுதிய இலக்கியம் இதுதான்.

அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார்.
வரிக்கு மேலே ஏறி
குடைப்பிடி போலக் கவிழ்ந்து
என் பக்கமே திரும்பி எழுதும் கை.
போனில் படம் எடுத்துக்கொண்டார்.

முன்பு சொல்வார்களாம்:
இப்படி வளைத்து எழுதும் இடக்கைக்காரருக்கு
எழுதும் கையின் பக்கமே மொழி குடியிருக்கும்,
வளைக்காதவருக்கு எதிர்ப்பக்கம்.
"இப்போது யாரும் அதை அப்படியே நம்புவதில்லை" என்றார்,
நம்ப ஆசைப்படுகிறவரின் குரலில்.

வளைத்தது மூளையல்ல டாக்டர், மை.
இடமிருந்து வலம் போகும் தமிழைப்
பின்னாலேயே வந்து அழிக்கிற கை என்னுடையது.
புறங்கையெல்லாம் நீலம்.
ஒருநாள் அது தானாக மேலே ஏறிக்கொண்டது.
ஏழாம் வகுப்பில் 'இடக்கரடக்கல்' நடத்தியபோது
இடக்கரத்தைத்தான் அடக்கச் சொல்கிறார்கள் என்று
பெஞ்சுக்கடியில் ஒளித்துவைத்தேன்.
இதையெல்லாம் இந்தியில் சொல்ல
எனக்கு வரவில்லை.

வலது காதுக்கு மேலே, உள்ளே, ஒரு தழும்பாம்.
வலிப்பு அங்கிருந்து கிளம்புகிறது.
வெட்டி எடுக்கலாம்,
பேச்சு அங்கே இல்லையென்றால்.
பேச்சுக்கு எது இடம்?
தமிழில் கேட்டால்
கேள்விக்குள்ளேயே பாதி பதில்.

தொடைவழியே குழாய் ஏறியது.
மூளையில் ஒரு பாதிக்கு மட்டும் தாலாட்டு.
இரண்டு கையையும் தூக்கிப்பிடித்து எண்ணச் சொன்னார்கள்.
நாலில் விழுந்தது வலக்கை, ஈரத்துணி மாதிரி.
இடப்பாதி தூங்கிவிட்டது.
ஐந்து, ஆறு, ஏழு என்று யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
நான்தான்.
சீப்பைக் காட்டினார்கள், சீப்பு என்றேன்.
சாவியைக் காட்டினார்கள், பூட்டு என்றேன்.
"பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது" என்று சிரித்தாள்
எனக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்த்த லிஸி சிஸ்டர்.

அரைமணி கழித்து மறுபாதி.
இந்த முறை இடக்கை விழுந்தது,
பதினோரு வருஷ ரசீதுகளோடு.
படம் ஒன்றைக் காட்டினார்கள்.
எனக்குத் தெரியும் அதை.
போன ஜூலையில் குர்லா ஸ்டேஷனில் மறந்துவைத்தது.
நூற்றெண்பது ரூபாய். ஒரு கம்பி மடங்கியது.
எல்லாம் இருந்தது.
பேர் மட்டும் எழுந்துபோன நாற்காலி.
வாய் திறந்து, மூடி, திறந்து,
"சத்ரி" என்றேன்.

சரி என்று டிக் போட்டார் கோக்டே.
அவர் வீட்டிலும் அதற்கு அதுதான் பேர்.
லிஸி சிஸ்டர் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
அதற்குள் அடுத்த படம்.

மூன்றாம் நாள் சம்மதப் படிவம்.
நாலு பக்கம், அடியில் ஒரு கோடு.
"ஜெபக்கனி, இங்கே கையெழுத்து."
முதுகுக்குப் பின்னால் தம்பி
ஆபீசுக்கு லீவு சொல்லிக்கொண்டிருந்தான்.
வலிப்பில்லாத நாட்களை நினைத்துப் பார்த்தேன்:
தனியாக ரயில் ஏறலாம், அடுப்பு பற்றவைக்கலாம்,
கல்லாவில் உட்காரலாம்.

பேனாவை எடுத்தேன்.
கை ஏறி, வளைந்து, கவிழ்ந்தது.
கோட்டில் அல்ல, ஓரத்தில் இருந்த வெள்ளையில்
குடை என்று எழுதி
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"டாக்டர், அன்றைக்கு இது வரவில்லை."